ஆம்பூருக்கு ஒரு டிக்கெட்

அந்தப் பலாப்பழம் உங்களுதாக்கா? பரவாயில்ல, அதுவும் உட்காரட்டும். நான் ஒல்லிதான், எனக்கு இத்தனை இடம் போதும். ஜன்னல் சீட்டு மட்டும் வேணும். ஆம்பூர்ல ஒருத்தர் எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாரு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையும்போதே பார்த்துடணும்.

நீங்க கிருஷ்ணகிரியா? அப்ப நான் இறங்குற வரைக்கும் பேசலாம். என்னைப் பார்த்தா பேசுற பொண்ணு மாதிரியே இல்லல்ல? காலேஜ்ல மூணு வருஷமும் கடைசி பெஞ்சுதான். அட்டெண்டன்ஸ்ல பேர் கூப்பிட்டா பதில் சொல்றதுக்குள்ள காது ரெண்டும் சிவந்துடும். இந்தத் தை மாசத்துக்கு அப்புறம்தான் இப்படி ஆயிட்டேன். சும்மா இருக்கும்போதே சிரிப்பு வருது. எங்கம்மா ஒரு நாள் வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க.

என் பேர் யுவராணி. அவர் பேர் தணிகைவேல். மிலிட்டரியில இருந்தாரு. இருக்கிறாரு. அதுல கொஞ்சம் சிக்கல் இருக்கு, சொல்றேன்.

எங்க ஊரு ஆரணிப் பக்கம். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க. எங்க நைனாவுக்கு அதுதான் குறை. அவருக்கு உயரம் பத்தல, ஆள் எடுக்கிற இடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. அரிசி மில்லுல சூப்பர்வைசரா காலத்தை ஓட்டிட்டாரு. அதனால மாப்பிள்ளையாவது மிலிட்டரியா வரணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. தணிகை லீவுல வந்திருந்தாரு. தை மாசம் நிச்சயம். கல்யாணம் ஆவணியில, அடுத்த லீவுக்குன்னு பேசி முடிச்சாங்க.

லீவு முடிஞ்சு கிளம்புறவங்களை எங்க ஊர்ல எப்படி அனுப்புவோம் தெரியுமாக்கா? தெருவே வந்து நிக்கும். பூசணிக்காய்ல கற்பூரம் ஏத்திச் சுத்துவாங்க. ஆட்டோ டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். ஆளாளுக்கு நெத்தியில விபூதி வைப்பாங்க, கடைசியில முகமே தெரியாது. அப்படி வழியனுப்பினவர் பாதியில திரும்பி வந்து வாசல்ல நிக்கக் கூடாது. மகா அபசகுனம். அதை மனசுல வச்சுக்கங்க, எல்லாமே அதனாலதான் ஆச்சு.

காட்பாடியில ரயில் ஏத்திவிட்டு எல்லாரும் வந்துட்டாங்க. நான் மொட்டை மாடியில துணி காய வைக்கிற சாக்குல போனோட நிக்கிறேன். அரக்கோணத்துல இருந்து கூப்பிட்டாரு. "யுவா, தண்ணி பிடிக்க இறங்கியிருக்கேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியே நின்னுடுங்களேன்." விளையாட்டுக்குத்தான்! விளையாட்டுக்கு இல்லாம வேற எதுக்கு? அதுக்கு முன்னாடி ஒரு ஆம்பளைகிட்ட நான் விளையாட்டா பேசினதே இல்லக்கா. நமக்கு இதெல்லாம் வருதேன்னு எனக்கே ஒரு சந்தோஷம்.

போன்ல விசில் சத்தம் கேக்குது. "வண்டி எடுத்துட்டான்"ங்கிறாரு. "எடுக்கட்டுமே"ங்கிறேன். சிரிக்கிறாரு. நானும் சிரிக்கிறேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருக்கோம், ரயில் சத்தம் பெருசாகி, அப்புறம் சின்னதாகி, அப்புறம் இல்லவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "யுவா, என் பெட்டி போயிடுச்சு"ன்னாரு.

கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும்ல, வெள்ளை பெயிண்ட்ல பேரும் நம்பரும் எழுதி? அது ஒழுங்கா டூட்டிக்குப் போயிடுச்சு. இவர்தான் போகல. நான் சிரிச்ச சிரிப்புல துணிக்கு மாட்டுற கிளிப்பெல்லாம் கீழே விழுந்துடுச்சு.

அவர் ஓடிப்போனவர்னு இப்ப ஊரே சொல்லுது. ஓடல அக்கா. அவரே சொல்லுவாரு, "நான் ஒண்ணுமே செய்யல யுவா. சும்மா நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

மறுநாள் ரயிலுக்குப் போயிருந்தா எதுவுமே இல்ல. அதிகாரி நாலு திட்டு திட்டியிருப்பாரு. ஆனா மறுநாள் வரைக்கும் எங்க தங்குறது? கற்பூரம் சுத்தி அனுப்பின வீட்டுக்கு எப்படித் திரும்பி வர்றது? வேலூர்ல ஒரு லாட்ஜுல ரூம் எடுத்தாரு. வேலூர் எங்களுக்குப் பக்கம்தானே, நான் டைப்ரைட்டிங் கிளாஸுன்னு சொல்லிட்டு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தேன். கோட்டைப் புல்வெளியில உட்கார்ந்து வேர்க்கடலை தின்னோம். "நாளைக்குக் கிளம்பறேன்"னாரு. "கிளம்புங்க, ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை, பெட்டியைத் தொலைச்ச ஆளு வெள்ளிக்கிழமை கிளம்பலாமா?"ன்னேன். சனிக்கிழமை அஷ்டமி. இப்படியே போச்சு.

நான் பிடிச்சு வச்சேன்னு நினைக்காதீங்க. போங்க போங்கன்னு தினமும் சொன்னது நான்தான். இந்த வாரம் வேணாம்னு மட்டும்தான் சொன்னேன்.

மாசி பிறந்ததும் அவருக்குப் பயம் வந்துடுச்சு. ரொம்ப நாள் போகலைன்னா பேரையே ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்களாம். "நானாப் போய் சரண்டர் ஆனா கொஞ்ச நாள் உள்ள வைப்பாங்க, அதோட முடிஞ்சிடும். பிடிச்சுட்டுப் போனா கதையே வேற"ன்னு தலையில கை வச்சுட்டாரு. எனக்குப் பாவமா போச்சு. அப்பதான் எங்க காலேஜ் என்.சி.சி. ஹவில்தார் ஞாபகம் வந்தாரு. பட்டாளத்து ஆளுதான், ஆனா எங்க பசங்களுக்கு லெஃப்ட் ரைட் சொல்லிக் கொடுத்துட்டு சாயங்காலம் ஏரியில தூண்டில் போடுவாரு. "வேலூர்ல என்.சி.சி. டூட்டி போட்டுட்டாங்கன்னு வீட்டுல சொல்லுங்களேன்"னேன். வாயில வந்தது, சொன்னேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

நைனாவுக்குத் தலைகால் புரியல. "மாப்ளைய பக்கத்துலயே போட்டாங்கடி!"ன்னு தெரு பூரா சொல்லிட்டு வந்தாரு. பூசணிக்காய்க்கும் இப்ப தோஷம் இல்ல பாருங்க, டூட்டிக்குப் போயிட்டுதானே வந்திருக்காரு. ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுல கறி விருந்து.

முடிதான் பிரச்சனை. மிலிட்டரிக்காரர் காதுக்கு மேல சுருட்டை சுருட்டையா முடி வச்சிருந்தா யாரு நம்புவா? ஆனா எனக்கு அந்த முடி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வெட்டக் கூடாதுன்னுட்டேன். எங்க தெருவுல ரிட்டயர் ஆன சுபேதார் கங்காதரன் இருக்காரு, மீசைக்கு ரெண்டு பக்கமும் எண்ணெய் போட்டு நிறுத்தியிருப்பாரு. அவர் கேட்டுட்டாரு, "இன்னாப்பா, முடி இப்டி கீது? பரேடு கிரவுண்டுல விடறாங்களா?" இவர் திருதிருன்னு முழிக்கிறாரு. நான் உள்ள இருந்து காபி எடுத்துட்டு வந்தவ, "அவங்க டூட்டி அப்படி மாமா. வெளிய சொல்லக் கூடாதாம்"னு மெதுவாச் சொன்னேன். சுபேதார் மாமா முகத்தைப் பாக்கணுமே! கதவைச் சாத்திட்டு, "உளவா?"ன்னாரு. இவர் பயத்துல வாயே திறக்கல. "சொல்லாத. சொல்லக் கூடாது. அதுதான் டிசிப்ளின்"னு முதுகுல தட்டிட்டுப் போனாரு. அன்னையில இருந்து தெருவுல இவர் வந்தா எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவாங்க.

இதுல பாட்டில் எங்க வந்துச்சுன்னா, எங்க பக்கம் கல்யாணம் பேசின மிலிட்டரி மாப்பிள்ளை முதல் தடவை பலகாரத் தட்டு கொண்டு வரும்போது அடியில துண்டு சுத்தி மிலிட்டரி கேன்டீன் ரம் பாட்டில் ஒண்ணு வைக்கணும். கோட்டா வைக்கிறதுன்னு பேரு. வைக்கலைன்னா பெரியவங்க சாப்பாட்டுல கை வைக்க மாட்டாங்க. இவர் கேன்டீன் கார்டோட பெட்டிதான் எப்பவோ போயிடுச்சே! லாட்ஜுல உட்கார்ந்து அழுறாரு. ஆறடி ஆம்பளை அழுது பாத்திருக்கீங்களா? கடையில வாங்கின ரம் பாட்டில் பக்கத்துல கிடக்கு. "இதைக் கொண்டு போனா குடிக்காமலே கண்டுபிடிச்சிடுவாங்க"ங்கிறாரு.

நான் பி.எஸ்ஸி. பாட்டனி அக்கா. வேரைக் குறுக்கா பிளேடால கண்ணாடி மாதிரி சீவிப் படம் போட்டுக் காட்டணும். என் சீவல்தான் கிளாஸ்லயே மெலிசு. ஒரு பெரிய அழிரப்பர் வாங்கி, சுபேதார் மாமா வீட்டுக் கொல்லையில கிடந்த காலி பாட்டிலைப் பார்த்து, அதே எழுத்தைச் செதுக்கிட்டேன். 'ராணுவத்தினருக்கு மட்டும்'னு இங்கிலீஷ்ல. சிவப்பு மை. ஒரு விஷயம் கவனிச்சேன், அந்தப் பாட்டில்ல சீல் லேசா இடது பக்கம் சாஞ்சிருந்தது. சர்க்கார் சீல் எது நேரா இருக்கு? நானும் சாச்சே குத்தினேன்.

சுபேதார் மாமாதான் முதல் வாய். ஊரே அவர் முகத்தைப் பாக்குது. கண்ணை மூடினாரு. "அப்பப்பா! லடாக் ஞாபகம் வந்துடுச்சுய்யா. இதுதான் சரக்கு. வெளிய விக்கிறதெல்லாம் கழுதை மூத்திரம்"னாரு. முதல் நாள் ராத்திரி அதே ரம்மை அதே கடையில வாங்கிக் குடிச்சிட்டுத்தான் வந்திருப்பாரு! நான் சமையல்கட்டுல முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு சிரிச்சேன் பாருங்க, அம்மா வந்து, "புரையேறிடுச்சா?"ன்னு தலையில தட்டுறாங்க.

அதோட விட்டுடலாம்னுதான் இருந்தோம். ஆனா ஊர் விடுதா? பேரனுக்குக் காதுகுத்து, ஒரு பாட்டில். பஞ்சாயத்து, ஒரு பாட்டில். கடை விலையை விட அதிகமாவே கொடுத்து வாங்கினாங்க. லாட்ஜுல நான் சீல் குத்துவேன், அவர் மூடியில இருக்கிற கடை ஸ்டிக்கரை உரிப்பாரு. போன்ல பாட்டு ஓடும். குடித்தனம் நடத்துற மாதிரியே இருக்கும். நடுவுல திடீர்னு கையை நிறுத்திட்டு, "யுவா, இது தப்பு இல்ல?"ம்பாரு. "தப்புதான். நீங்கதான் ஆரம்பிச்சீங்க"ம்பேன். அடுத்த பாட்டிலை எடுத்து உரிப்பாரு.

அப்புறம் வைகாசியில மிக்ஸி. கேன்டீன் விலையில மிக்ஸி கிடைக்குமான்னு யாரோ கேட்டாங்க. இவர் கிடைக்காதுன்னு சொல்ல வாயெடுத்தாரு, நான் "சொல்லிப் பாக்கறோம்"னேன். கிடைக்காதுன்னா சந்தேகப்பட மாட்டாங்களா? முதல் மிக்ஸியைக் கடையிலயே வாங்கி நஷ்டத்துக்குக் கொடுத்தோம். அதுக்கப்புறம் அட்வான்ஸ் கொடுக்க வரிசையில நின்னாங்க. கிரைண்டர், டிவி, வாஷிங் மெஷின். பால்கார வேதாசலம் பொண்ணோட சீருக்கு ஃப்ரிட்ஜ் வேணும்னு கறவை மாட்டை வித்துட்டு வந்தாரு. அன்னைக்கு ராத்திரி இவர் சாப்பிடல. எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? ஆனா அந்தப் பொண்ணுக்கு ஐப்பசியிலதானே கல்யாணம். நிறைய நாள் இருக்கு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கொடுத்துடுவோம் அக்கா. நான் அதெல்லாம் மனசுலயே வச்சிருக்கேன்.

இவர்தான் மாசத்துக்கு ஒரு தடவை கிளம்பிடுவாரு. "போறேன் யுவா. ஜெயிலோ என்னவோ, பாத்துட்டு மனுஷனா வர்றேன். நீ காத்திருப்பியா?"ம்பாரு. என்ன கேள்வி! காத்திருக்காம? "காத்திருப்பேன், போங்க. நைனா அறுபதாம் கல்யாணம் மட்டும் முடியட்டும். மாப்பிள்ளை இல்லாம நல்லாவா இருக்கும்?" அது முடிஞ்சா தெருவுல திருவிழா. அவர் தலைமுடியில எண்ணெய் வச்சு வாரிவிட்டா, அப்படியே அடங்கிடுவாரு. அப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கும். இந்த முடியோட எந்த ரயிலும் ஏத்திக்க மாட்டான்னு ஒரு தைரியம்.

பள்ளிகொண்டா டோல்கேட் வந்துடுச்சா? அப்ப பக்கத்துல வந்துட்டோம். சீக்கிரம் சொல்லிடறேன், சிரிப்பான இடமே இனிமேதான்.

போன வாரம் ஆடிக் கூழ். தணிகையோட பட்டாளத்துக் கம்பெனியிலயே இருக்கிற லாரன்ஸ்னு ஒருத்தர், பக்கத்து ஊர்க்காரர், லீவுல வந்தாரு. மரியாதைக்கு சுபேதார் மாமாவுக்கு ஒரு கோட்டா பாட்டில் கொண்டு வந்து கொடுத்தாரு. நிஜமான கேன்டீன் பாட்டில்! மாமா ஒரு வாய் வச்சாரு. தூன்னு துப்பிட்டாரு.

"இன்னாடா இது? டூப்ளிகேட்டு!"

"ஐயா, கேன்டீன்ல நானே கியூவுல நின்னு வாங்கினது."

"என்னாண்ட கதை வுடாத. நாங்க வாராவாரம் குடிக்கிறோம், எங்களுக்குத் தெரியாதா? சீலைப் பாரு, நேரா கீது! ஒரிஜினல் சீலு சாஞ்சில்ல இருக்கும்!"

சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. நான் கூழ் ஊத்திக்கிட்டு இருந்தேன், கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். பெருமையாக்கூட இருந்துச்சு. சர்க்கார் சீலே என் சீல் முன்னாடி தோத்துப் போச்சே!

லாரன்ஸுக்கு ரோஷம் வந்துடுச்சு. அந்தச் சாஞ்ச சீலைக் காட்டுங்கன்னாரு. எங்க வீட்டுல இருந்து நைனாவே ஓடிப் போய் ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வந்தாரு, "எங்க மாப்ளை கொடுத்தது, பாரு!"ன்னு. "மாப்ளை யாரு?" "தணிகைவேலு." லாரன்ஸ் சிரிக்கல. "தணிகையா? அவன் ரயில்லயே காணாமப் போனவன். பெட்டி மட்டும்தான் வந்துச்சு. போலீஸுக்கு எழுதிப் போட்டுட்டாங்களே"ன்னாரு.

தணிகை அப்ப கோயில் பின்னாடி எங்க சித்தப்பா பசங்களோட பலூன் ஊதிக்கிட்டு இருந்தாரு. நான் ஓடிப் போய், "போங்க!"ன்னேன். ஒரு பலூன் கையிலயே இருந்துச்சு, அதோடவே கரும்புக் கொல்லையில இறங்கிட்டாரு. கொஞ்ச தூரத்துல டப்புன்னு வெடிச்ச சத்தம் கேட்டுச்சு. வேதாசலம் அன்னையில இருந்து எங்க வீட்டு வாசப்படியிலதான் உட்கார்ந்திருக்காரு. திட்டல. பால் கேனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நைனா பின்பக்கமா மில்லுக்குப் போறாரு. கல்யாணப் பத்திரிகை மூட்டை பிரிக்காம அப்படியே கிடக்கு.

நேத்து போன் பண்ணினாரு. "ஆம்பூர் வா யுவா. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். நேர்ல ஒண்ணு சொல்லணும்"னாரு. குரல் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. என்ன சொல்லப்போறாருன்னு எனக்குத் தெரியும் அக்கா. பெங்களூர்! வேற என்ன? அங்க யாருக்கு யாரைத் தெரியும்? நான் எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். சர்டிபிகேட் வாங்க காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். சீல் இருக்கு, மை டப்பா இருக்கு. அம்மாவோட வளையல் இருக்கு, எனக்குப் போடன்னு வச்சதுதான், கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கிட்டேன். பெங்களூர்ல ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரங்க தெருவுக்குத் தெரு இருப்பாங்களாம். அவருக்கு இன்னும் சொல்லல. சொன்னா சந்தோஷத்துல குதிப்பாரு.

போய் சரண்டர் ஆகட்டும்னா சொல்றீங்க? நானும் அதைத்தானே அக்கா சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆகத்தான் போறாரு. பெங்களூர்ல கொஞ்சம் காலூணட்டும். தீபாவளி முடியட்டும்.

இதோ பஸ் ஸ்டாண்டு! பிரியாணி வாசனை வந்துடுச்சு. எங்க... எங்க... அதோ! டீக்கடை முன்னாடி, நீலச் சட்டை. உயரம் தெரியுதா? சொன்னேன்ல! கையில பூ வாங்கி வச்சிருக்காரு பாருங்க, எனக்குத்தான். இன்னொரு கையில போன்...

இருங்க.

தலையைப் பாருங்கக்கா. முடி வெட்டிட்டாரு. ஒட்ட வெட்டிட்டாரு, காதெல்லாம் தெரியுது. சின்னப் பையன் மாதிரி இருக்காரு. காலடியில என்னது? பெட்டியா? கறுப்புப் பெட்டி. புதுசு. பேரும் நம்பரும் எழுதியிருக்கு, பெயிண்ட் இன்னும் மினுமினுன்னு இருக்கு.

வழியனுப்பக் கூப்பிட்டிருக்காரு என்னை.

அக்கா, அந்தப் பலாப்பழத்தைக் கொஞ்சம் மடியில தூக்கி வைங்களேன். இன்னும் கொஞ்சம் மேல. நீங்க ஜன்னல் பக்கம் சாஞ்சுக்கங்க, நான் குனிஞ்சுக்கறேன். என் முகம் தெரியக் கூடாது. வர்றாரா? ஒவ்வொரு ஜன்னலாப் பாக்கறாரா? சிரிக்கிறாரா, எப்படி இருக்காரு? நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் பாக்கல.

என் போன்தான். அடிக்கட்டும். எடுக்காதீங்க, தானா நின்னுடும்.

கண்டக்டர் விசில் கொடுத்துட்டாரு. ஓடி வர்றாரா அக்கா? வரல, இல்ல? வர மாட்டாரு. வண்டி போனா அவர் நின்னு பாப்பாரு, அவ்வளவுதான். பூவைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரா? எனக்குத் தெரியும்.

ஐயோ, எனக்குச் சிரிப்பு வருதுக்கா. கண்ணுல தண்ணியெல்லாம் வருது பாருங்க. கண்டக்டர் இந்தப் பக்கம்தான் வர்றாரு, ஆம்பூர் டிக்கெட் ஏன் இறங்கலைன்னு கேப்பாரு. பெங்களூருக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க, எனக்கு வெக்கமா இருக்கு. கேட்டா சொல்லுங்க, நீங்க பாத்தீங்கல்ல. நான் ஒண்ணுமே செய்யல. சும்மா உட்கார்ந்துக்கிட்டுதான் இருந்தேன்.